ஹாமரில் ஊற்றுவதற்கு முன்னால்

நேற்று நம் பியானோ டியூனர்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். புதுக் கம்பி போட்ட பியானோ, பாஸ் பக்கத்துக் கீழ் சுரங்கள் மந்தமாக இருக்கின்றன, ஹாமரில் சீலர் விடலாமா, எத்தனை சொட்டு விடலாம் என்று. கூடவே மூன்று படங்கள். ஒன்றில் ஹாமர்கள், கம்பியை அடிக்கும் அந்தக் கம்பளிச் சுத்தியல்கள். ஒன்றில் கம்பிகள். மூன்றாவதில் சுருதி பார்க்கும் ஆப் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே வரிசையாகப் பதில்கள். ஒருவர் ஐந்து சொட்டு என்றார். ஒருவர் எட்டு என்றார். இன்னொருவர் கைதட்டும் பொம்மை போட்டார்.

பாட்டிலை மூடி வையுங்கள், தம்பி.

இதை எழுதும்போது கோபமாகத்தான் இருக்கிறேன். அதில் கொஞ்சம் உங்கள் மேல். பெரும்பகுதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்தக் குழுவில் நான் ‘சரி’, ‘நன்றி’ தவிர எதுவும் எழுதியதில்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராதவன். இடது காது கேட்காமல் போனபின் இரண்டு வருடமாகத் திருப்பதியில் வீட்டோடு இருக்கிறேன். தொழிலை விட்டவன் பேச்சு என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

சித்தூரில் ஒரு பழைய மிஷன் சபை. அங்கே ஓர் அப்ரைட் பியானோ, நிமிர்ந்து நிற்கும் வகை. மரம் நல்ல மரம், கம்பிகள்தான் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. சபையில் ஒரு குடும்பம் தங்கள் அப்பாவின் நினைவாக எல்லாக் கம்பிகளையும் மாற்றித் தர முன்வந்தது. வேலை எனக்கு வந்தது.

பியானோவைப் படுக்க வைப்பதற்கு முன் பின்பக்கத்தை நானே துடைத்தேன். நாலு தூண்கள், அவற்றுக்கு நடுவே சவுண்ட்போர்டு. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பி தானாகக் கத்தாது. அதன் நடுக்கத்தை பிரிட்ஜ் என்கிற கட்டை வழியாக வாங்கி, ஊருக்குக் கேட்கும்படி செய்வது அந்த மெல்லிய பெரிய பலகைதான். அது தாராளமாக அசைய வேண்டும். அன்றைக்கு விரலால் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. உயிரோடு இருந்தது.

பத்து நாள் வேலை. முடிந்த அன்று கிரேஸ் டீச்சர் வந்து வாசித்தார். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வருடமாக அந்தச் சபையின் பியானோ அவர் கையில். எனக்குப் பத்து வயது மூத்தவர். கீழ் சுரங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, விரலை எடுக்காமல் கேட்டார்.

“தம்பி, நெஞ்சுல வந்து ஒக்காருது” என்றார். அவ்வளவுதான். கணக்கு டீச்சர்கள் அதற்கு மேல் மதிப்பெண் போட மாட்டார்கள்.

புதுக் கம்பி இழுபடும் என்பதால் இரண்டு முறை போய்ச் சுருதி சேர்த்தேன். பிறகு பிரதிஷ்டை ஆராதனை வைத்தார்கள். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. திருப்பதியில் ஓர் ஓட்டல் பியானோவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. அது பொய். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து சபைச் செயலாளர் போன் செய்தார்.

“ஏம்பா, புதுக் கம்பின்னு சொன்ன. தொப்பு தொப்புன்னு கேக்குது. பழைய கம்பியே தேவல போல இருக்குதே.”

புதன்கிழமை போனேன். வாரநாட்களில் ஆலயத்துக்குள் சின்னப் பிள்ளைகள் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உதைப்பார்கள் என்று பியானோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இழுத்துப் போடுவார்கள். அப்போது டீச்சர் முகம் சபையைப் பார்க்கும், பியானோவின் முதுகு சபையைப் பார்க்கும். இதை மனதில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

டீச்சரும் செயலாளரும் இருந்தார்கள்.

“எப்படி இருக்குது டீச்சர்?” என்று கேட்டேன்.

“வாய்ல துணி வெச்சிகினு பேசறாப்ல இருக்குது தம்பி. அந்தப் பிரதிஷ்டை ஞாயித்துக்கிழமையிலருந்து...”

செயலாளர் குறுக்கே விழுந்தார். “டீச்சருக்கு வயசாகிகினு போவுதுப்பா. அழுத்தி வாசிக்கணும் இல்ல. எங்க அக்கா பையன் கீபோர்டு வாசிக்கிறான். விரல் வெச்சா போதும், சர்ச்சே அதிருது.”

“அவனுக்குக் கரண்ட் இருக்குது. எனக்குக் கைதான் இருக்குது” என்றார் டீச்சர்.

நான் சிரிக்கவும் இல்லை, டீச்சர் பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கச் சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு முன்பலகையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். என் இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அந்த இடத்தில் நடந்தது. ஒரு கருவியும் கையில் இல்லாதபோது நடந்தது.

கட்டையை அழுத்தினேன். உண்மைதான். கீழ் இரண்டு ஸ்தாயிச் சுரங்கள் செத்துக் கிடந்தன. அடித்ததும் ஒரு முட்டு, பிறகு ஒன்றுமில்லை. என் கம்பி, என் பெயர். சித்தூர், திருப்பதி, வேலூர் மூன்று ஊரிலும் இந்த வேலைக்குக் கூப்பிட என்னை விட்டால் அப்போது ஆளில்லை. பெயர் கெட்டால் மூன்று ஊரிலும் கெடும்.

அந்தப் பயத்தோடு வேலை செய்தேன். பாஸ் கம்பிகளின் மேல் செம்பு சுற்றியிருக்கும். மாட்டும்போது அந்தச் சுற்று தளர்ந்துபோனால் ஒலி மந்தமாகும். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, சுற்றின் போக்கிலேயே ஒரு திருகு திருகி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் முறை போய், பிரிட்ஜ் மேல் கம்பிகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டி உட்கார வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆப் பச்சையாகக் காட்டியது. அந்தப் பச்சையைச் செயலாளரிடம் காட்டினேன். அவரும் தலையாட்டினார். சுருதி சரியாக இருக்கிறது என்று மட்டுமே அந்தப் பச்சைக்குத் தெரியும். தொனி செத்துக் கிடப்பது அதற்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் காட்டினேன்.

மூன்றாம் முறை பாட்டிலை எடுத்தேன்.

சீலர் விட்டால் கம்பளி இறுகும், இறுகினால் ஒலி பளிச்சென்று வரும் என்பது சரிதான். ஹாமர் ஒவ்வொன்றின் தோளிலும் சீலர் விட்டேன். காய்ந்ததும் அடித்துப் பார்த்தேன். மந்தம் அப்படியே இருந்தது. அதன் மேல் தகர டப்பாவைத் தட்டும் ஓசை ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. விட்ட சீலரைத் திரும்ப எடுக்க முடியாது. கம்பளியை ஊசியால் குத்தி ஓரளவு மெதுவாக்கலாம், பழையபடி ஆக்க முடியாது. ஹாமர்கள் அங்கேயே கெட்டுப்போயின.

அதற்குப் பிறகுதான், கெட்டபின்தான், நகத்தால் கம்பியை மீட்டிப் பார்த்தேன். மீட்டினாலும் கம்பி செத்தே கிடந்தது. யோசித்துப் பாருங்கள். ஹாமர் தொடவே இல்லை, அப்போதும் ஒலி இல்லை. அப்படியானால் ஹாமர் என்ன தப்பு செய்தது? பத்து நொடிச் சோதனை. முதல் நாளே செய்திருந்தால் பாட்டிலைத் திறந்திருக்க மாட்டேன். ஏன் செய்யவில்லை என்றால், எதையாவது செய்துகொண்டே இருந்தால் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். கூச்சப்படுகிறவனுக்கு வேலை ஒரு நல்ல மறைவிடம்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். போதகர், செயலாளர், இன்னும் ஏழெட்டுப் பேர். ஓரத்து நாற்காலியில் டீச்சர்.

செயலாளர் கேட்டார். “டியூனர் மூணு தபா வந்துட்டாரு. நேராவே கேக்கறேன். கொற கம்பியிலயா, வாசிக்கறவங்ககிட்டயா?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “கம்பியில கொற இல்லைங்க. என் வேலை சரியாத்தான் இருக்குது.”

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

“அப்டினா?” என்றார் டீச்சர், என்னைப் பார்த்து.

நான் என் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பியைப் பற்றி நான் சொன்னதில் பொய் இல்லை. கம்பியில் குறை இல்லைதான். அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது. அடுத்த ஞாயிறு முதல் செயலாளரின் அக்கா பையன் கீபோர்டு வாசித்தான். முப்பது வருடம் வாசித்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூடத் தரவில்லை. ‘கை தளர்ந்துபோச்சு’ என்று சபையில் பேச்சு. அவரிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பெற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குப் போனில் தெரிந்தது. தெரிந்தும் நான் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து என் மனைவியின் சித்தப்பா இறந்துபோனார். அவர் அந்தச் சபைக்காரர். அடக்க ஆராதனைக்குப் போனேன். அந்த ஆலயத்தில் எத்தனையோ நாள் வேலை செய்திருக்கிறேன், சபையார் உட்காரும் பெஞ்சில் அன்றுதான் முதல்முறை உட்கார்ந்தேன். பக்கவாட்டு வாசல் வழியாக வந்து பக்கவாட்டு வாசல் வழியாகவே போகிறவன் நான்.

ஆராதனைக்காக இழுத்துப் போட்ட பியானோ முன்னால் நின்றது. மேலே பூச்சாடி. முதுகில் நீல வெல்வெட் திரை, நடுவில் இரண்டாகப் பிரித்துக் கட்டியிருந்தது. திரைக்கு நடுவே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு.

அந்தச் சபையில் எதில்தான் பெயர் இல்லை? பெஞ்சில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், மின்விசிறியின் இறக்கையில் பெயர். விசிறி சுற்றும்போது ஒருவரும் படிக்க முடியாது, இருந்தாலும் எழுதியிருக்கிறார்கள். அதனால் தகட்டைப் பார்த்து முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னாரின் நினைவாக, பிரதிஷ்டை செய்யப்பட்டது, இன்ன நாள். அந்த நாளைப் படித்ததும்தான் டீச்சரின் பாதி வாக்கியம் காதில் விழுந்தது. அந்தப் பிரதிஷ்டை ஞாயித்துக்கிழமையிலருந்து.

தகடு ஒரு தேக்குப் பலகை மேல் இருந்தது. பலகை ஒன்றரை விரல் கனம். இரண்டு தூண்களுக்கு நடுவே பள்ளத்தில், அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் இருப்பது சவுண்ட்போர்டு. சரியாகப் பாஸ் பிரிட்ஜின் முதுகு. எட்டு ஸ்குரூ.

சவப்பெட்டி பக்கத்தில் இருக்க, ஆராதனை முடியும்வரை அந்த எட்டு ஸ்குரூவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் காலை தகட்டை மாட்டிய ஆசாரியைத் தேடிப் பிடித்தேன். தெலுங்குக்காரர், நல்ல வேலைக்காரர். கத்த வேண்டும் என்றுதான் போனேன்.

“தூண் மேல அடிச்சா தூக்கலா தெரியுது சார். நடுவுல பள்ளம் இருந்திச்சி, அழகா ஒக்காந்திச்சி. பசையும் போட்டேன், ஆடாம இருக்கட்டும்னு” என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போனது. “ஒக்க மாட்ட செப்பலேதே சார் எவரூ.” ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லையே என்றார். அவரிடம் என் கோபம் செல்லவில்லை. பத்து நாள் அந்தப் பியானோவோடு இருந்தவன் நான். இந்தப் பலகையைத் தொடாதீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பின்னால் ஒட்டியிருந்தால் போதும். பேச வராதவனுக்கு எழுதவுமா வராது?

அங்கிருந்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். பலகை, ஸ்குரூ, பசை, எல்லாம். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார்.

“ஆமா டீச்சர். காதுல வாங்கல.”

“பிரதிஷ்டை அன்னிக்கி முதல் பாட்டு வாசிக்கும்போதே தெரிஞ்சிது. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி தம்பி. வீட்டுல மேசை மேல விரல அழுத்தி அழுத்திப் பாத்துகினு இருந்தேன், பலம் போயிடுச்சான்னு. ஆறு மாசமா.”

“வெள்ளிக்கிழமை பலகைய எடுத்துடறேன். நீங்க வந்து வாசிக்கணும்” என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “கமிட்டியில ஒரு வார்த்த சொன்னியே. அத மொதல்ல எடு. அப்பறம் பலகைய எடு.”

செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “தகட்ட எடுத்தா அந்தக் குடும்பம் மனசு நோவும். புது ஹாமர் போட்டோம், சரியாப் போச்சுன்னு சொல்லிடு. எதுக்கு எல்லாத்தையும் கிளறிகினு?” என்றார். போதகரிடம் போனேன். அவர் அந்தக் குடும்பத்தின் மகளுக்கு என் எதிரிலேயே போன் செய்தார். “பெயரே போட வேணாம்னுதான் ஐயா நாங்க சொன்னோம்” என்றது அந்தப் பெண்ணின் குரல். அந்தத் தகடு செயலாளரின் ஆசை என்று அப்போதுதான் போதகருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆசாரியும் நானும் எடுத்தோம். ஸ்குரூ ஐந்து நிமிடம். பசைதான் அரை நாள். வெந்நீர்த் துணி வைத்து, மெல்லிய தகட்டுக் கத்தியை விட்டு, நூல் நூலாக. அவசரப்பட்டால் சவுண்ட்போர்டு பிய்ந்துவரும். பலகை கையோடு வந்ததும் ஆசாரி முன்னால் போய் ஒரு கீழ்க்கட்டையை அழுத்தினார். விரலை எடுக்காமல் நின்றார். ஒலியும் அடங்காமல் நின்றது, வெகுநேரம். மேலே என் ஹாமரின் தகர ஓசை, அடியில் பழைய உயிர்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் போதகர் என்னைக் கூப்பிட்டார். காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மனதில் இருந்ததைச் சொன்னேன். பியானோவின் பின்னால் தகடு அடித்ததால் ஒலி செத்துப்போனது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர் முதல் நாளே சொன்னார், நான் கேட்கவில்லை. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக் கமிட்டியில் பேசினேன். டீச்சர் கையில் ஒரு குறையும் இல்லை. ஹாமரைக் கெடுத்தது நான். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இருக்காது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“கமிட்டியில பேசிக்கலாம்” என்றார் செயலாளர், உட்கார்ந்தபடியே.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபின் டீச்சர் பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே ஒரே ஒரு கீழ் சுரத்தை அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“வந்துடுச்சி. ஆனா மேல தகரம் ஒண்ணு கேக்குதே. அது நீயா?”

“நான்தான் டீச்சர்.”

“சரி பண்ணு.”

பாஸ் ஹாமர்கள் முழுவதையும் மாற்றினேன். அதற்கு இரண்டு மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் டீச்சர் வந்து கேட்டு, இது சரி, இது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். முடித்த அன்று முழுப் பாட்டு ஒன்று வாசித்தார். அதைப் போல அந்தப் பியானோ என் கையில் ஒருநாளும் பேசியதில்லை.

கமிட்டி கூடியது, ஒரு தடவைக்கு மேலும் கூடியது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு வரி எழுத அவர்களுக்கு இன்றுவரை கை வரவில்லை. “கூப்டா வரேன், கூப்டாம வர மாட்டேன்” என்றார் டீச்சர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்குப் போய் ஆர்மோனியம் வாசிக்கிறார். சித்தூரில் அந்தப் பியானோ நல்ல தொனியோடு மூடிக் கிடக்கிறது. என் வேலைகளிலேயே நன்றாக அமைந்தது அதுதான். யாரும் கேட்பதில்லை.

சவுண்ட்போர்டில் அந்த எட்டு ஓட்டைகளை மரமுளை வைத்து அடைத்துவிட்டேன். தடவிப் பார்த்தாலும் தெரியாது.

இப்போது உங்களிடம் வருகிறேன், தம்பி. சுவரை விட்டுப் பியானோவை இழுங்கள். பின்னால் போங்கள். நகத்தால் கம்பியை மீட்டுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபின் யார் அதைத் தொட்டார்கள் என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், எத்தனை பேர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சரி.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் மறுபடி பார்த்தேன். எழுதியதையும் படித்தேன். கம்பி எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசிப்பது யார், ஒலி எந்த நாளிலிருந்து கெட்டது என்று அவர் சொல்கிறார், இந்த இரண்டும் அதில் இல்லை. அவரிடம் கேளுங்கள். குறுக்கே யார் பேசினாலும் அவர் முடிக்கும்வரை நில்லுங்கள். அதற்குப் பிறகு குழுவில் எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.